மாநாட்டு ஊரைக் காரைக்காலிலிருந்து அளப்போம்

வெளிநாட்டில் ஒரு வணிக மாநாடு நடத்தலாம் என்று ஒரு சங்கம் முடிவெடுத்தவுடன் முதலில் பேச்சுக்கு வருவது ஊர்ப்பெயர்தான். சிங்கப்பூர் என்பார் ஒருவர், துபாய் என்பார் இன்னொருவர், வசதி உள்ளவர் பாரிஸ் என்பார். பெயர் முடிவானதும் அரங்கம் தேடுவார்கள்; பிறகு ஹோட்டல், தேதி, அழைப்பிதழ். உறுப்பினர்களில் எத்தனை பேரால் அந்த ஊருக்குப் போக முடியும் என்ற கேள்வி, முன்பணம் கட்டி முடித்த பிறகு கடைசியாக வந்து நிற்கும். இந்த வரிசையே தவறு என்பதுதான் என் வாதம். ஊரை முடிவு செய்யும் அந்த நொடியில் யார் வருவார், யார் வர மாட்டார் என்பதும் முடிவாகிவிடுகிறது. விசா கிடைக்காதவர், பத்து நாள் கடையை விட்டுப் போக முடியாதவர், விமான நிலையத்துக்கே அரை நாள் பயணம் செய்ய வேண்டியவர் ஆகியோர் அப்போதே பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடுகிறார்கள். எனவே மாநாட்டு ஊரை அளக்கத் தொடங்க வேண்டிய இடம், வந்து சேர மிகவும் கடினப்படும் உறுப்பினரின் வாசல். தலைவருக்கு எந்த ஊர் வசதி என்பது அதற்குப் பிறகு வர வேண்டிய கேள்வி. தமிழ் வணிகர்களின் மாநாடு என்றால் அந்த வாசலாகக் காரைக்காலை வைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது அரிது.

காரைக்கால் ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, நடுவே புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டாக இருக்கிறது இந்தப் பகுதி. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறக்குறைய 2 லட்சம். வாஞ்சூரில் துறைமுகம், கடற்கரையில் மீன்பிடித் துறைமுகம், உள்ளே நெல் வயல்களும் அரிசி ஆலைகளும், திருநள்ளாற்றைச் சுற்றி யாத்திரிகர்களை நம்பிய கடைகளும் விடுதிகளும் என்று ஒரு சிறிய நிலத்துக்குள் பல வகை வணிகம் நடக்கிறது. வெளிநாட்டுத் தொடர்பும் இந்த மண்ணுக்குப் பழையது. 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. அடிமை முறை 1848-இல் ஒழிக்கப்பட்ட பிறகு ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தொழிலாளர்கள் போனார்கள். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வணிகம் செய்த குடும்பங்கள் இன்னும் இங்கே வேரோடு இருக்கின்றன.

இவற்றோடு காரைக்கால் உள்ளிட்ட பழைய பிரெஞ்சுப் பகுதிகளுக்கு மட்டும் உரிய இன்னொரு நிலைமை இருக்கிறது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. இந்தப் பகுதிகளைக் கையளிக்கும் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தவர்களின் வாரிசுகள் இன்றும் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர். ஒருவர் டிக்கெட் வாங்கினால் போதும், பாரிஸில் இறங்கிவிடலாம். மற்றவர் வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிச் சான்று, ஹோட்டல் முன்பதிவு, அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் தொகுத்துக்கொண்டு போய் நின்று, விடைக்குக் காத்திருக்க வேண்டும். இருவரும் ஒரே சங்கத்தில் சந்தா கட்டுபவர்கள். பாரிஸில் மாநாடு என்று தீர்மானம் போடும்போது, அந்தச் சங்கம் தன் உறுப்பினர்களைத் தெரியாமலே இரண்டு வரிசையாகப் பிரித்துவிடுகிறது. மற்ற ஊர்களில் புள்ளிவிவரமாக மட்டும் தெரியும் உண்மை, காரைக்காலில் பக்கத்து வீடாகத் தெரிகிறது.

விசாவை நான் முதலில் வைப்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. எய்ட்ஸ் நோய் குறித்த உலக மாநாடு 1992-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடக்க வேண்டியது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் அமெரிக்காவுக்குள் நுழைய அப்போது தடை இருந்தது. எந்த நோயைப் பற்றிப் பேசக் கூடுகிறோமோ அந்த நோயாளிகளே வர முடியாத ஊரில் என்ன பேசுவது என்று, மாநாட்டையே நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றினார்கள். அந்தத் தடை 2010-இல் நீங்கிய பின்னர்தான், 2012-இல், வாஷிங்டனுக்கு அந்த மாநாடு திரும்பியது. இருபது ஆண்டுகள் ஒரு நாட்டையே ஒதுக்கி வைத்தார்கள் என்றால், வருவோரை முதலில் வைத்து ஊரை அளந்தார்கள் என்று பொருள். அதே மாநாடு 2022-இல் கனடாவின் மொன்ட்ரியாலில் நடந்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்து வர வேண்டிய பலருக்கு விசா கிடைக்கவில்லை. பெரும் கண்டனம் எழுந்தது. பாடம் கற்ற அமைப்பே மறுபடி தடுமாறுகிறது என்றால், முதல்முறை வெளிநாட்டு மாநாடு நடத்தும் சங்கம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். 2024-இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். மறுக்கப்பட்டவை ஏறக்குறைய 1.65 லட்சம், அதாவது நூற்றுக்குப் பதினைந்து. கட்டணம் அந்த ஆண்டு ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்தது. மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது. பெரிய நிறுவனத்தின் மேலாளருக்கும், முன்பு பலமுறை ஐரோப்பா போய்வந்தவருக்கும் இந்தப் பதினைந்து ஒரு பொருட்டல்ல. ரொக்கத்தில் வியாபாரம் செய்பவர், பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையும் இல்லாதவர், வருமான வரிக் கணக்கை அண்மையில்தான் தாக்கல் செய்யத் தொடங்கியவர், இவர்களின் மீதுதான் அந்த மறுப்பு விழ வாய்ப்பு அதிகம். மாநாட்டால் புதுத் தொடர்பு பெற்று அதிகம் பயனடையக்கூடியவர்களும் இவர்களே. மறுபக்கம், மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. 2026 இறுதிவரை அதை நீட்டித்திருக்கிறது. சிங்கப்பூருக்கு விசா வேண்டும் என்றாலும் முகவர் வழியாக விண்ணப்பிக்கும் நடைமுறை நம் ஊர் டிராவல் ஏஜென்டுகளுக்குப் பழகிய ஒன்று. இலங்கைக்கு இணையவழி முன் அனுமதி இருக்கிறது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், ஊரை முடிவு செய்யும் நாளில் ஒருமுறையும், பணம் கட்டும் நாளில் மறுமுறையும் அவற்றைச் சரிபார்ப்பது ஏற்பாட்டாளரின் கடமை.

அடுத்து வழி. விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று மட்டும் கணக்குப் பார்ப்பது சென்னைக்காரர் கணக்கு. காரைக்காலுக்கு விமான நிலையம் இல்லை. சென்னைக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கம்பன் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு. திருச்சிக்கு அதில் பாதி தூரம். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் வழியாகக் காரில் போனால் நான்கு மணி நேரத்துக்குள் முடியும். நாலு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் செலவும் குறையும். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு, துபாய் போன்ற நகரங்களுக்கு நேரடி விமானம் உண்டு. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய முனையம் பெரிய கூட்டத்தையும் தாங்கும். ஆகவே காவிரி டெல்டாக் கடற்கரையிலிருந்து பார்த்தால், திருச்சியிலிருந்து ஒரே விமானத்தில் சேரக்கூடிய ஊர், அப்படிச் சேர முடியாத ஊர் என்று உலகம் இரண்டாகப் பிரிகிறது. இரண்டாம் வகை ஊருக்கு ஓர் இரவு ரயில், சென்னையில் காத்திருப்பு, வளைகுடா நகரம் ஒன்றில் விமான மாற்றம் என்று, போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள் ஆகிவிடும். இரண்டு நாள் மாநாட்டுக்கு ஐந்து நாள் கடையை மூட வேண்டும். சம்பளம் வாங்கும் அதிகாரிக்கு அது பணி நாள். கடைக்காரருக்கோ ஐந்து நாள் விற்பனை போச்சு. மாநாட்டுச் செலவுக் கணக்கில் யாரும் எழுதாத தொகை இது.

வழியைவிட அதிகம் மறக்கப்படுவது நாள்காட்டி. பன்னாட்டு மாநாடுகள் அக்டோபர், நவம்பரில் நிறைய நடக்கின்றன. ஐரோப்பாவில் கோடை விடுமுறை முடிந்து வேலை தொடங்கியிருக்கும், வளைகுடாவில் வெயில் தணிந்திருக்கும். டெல்டாவுக்கு அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2008 நவம்பர் இறுதியில் நிஷா புயல் காரைக்கால் அருகேதான் கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்து இந்தப் பகுதி முழுவதையும் சிதைத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்காக மறுபடி மூடப்பட்டது. வீட்டில் தண்ணீர் ஏறும் வாரத்தில் கோட் சூட் மாட்டிக்கொண்டு மாநாட்டுக்குப் போகும் மனம் எந்த வணிகருக்கு வரும்? சரி, மழை முடிந்து போகலாம் என்றால் தை, மாசியில் சம்பா அறுவடையும் நெல் கொள்முதலும். அரிசி ஆலைக்காரர்களும் உர வணிகர்களும் அசைய மாட்டார்கள். ஆனியில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. கடைத்தெரு விழித்திருக்கும் நாட்கள் அவை. சனிப்பெயர்ச்சி வரும் ஆண்டென்றால் திருநள்ளாற்று வணிகர்களை முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு மறந்துவிட வேண்டும்.

எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது சித்திரை, வைகாசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகு உரிமையாளர், ஐஸ் ஆலைக்காரர், ஏற்றுமதியாளர் எல்லாருக்கும் கை ஓய்ந்திருக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரை வயலிலும் பெரிய வேலை இல்லை. பள்ளி விடுமுறையால் விமானக் கட்டணம் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் நான்கைந்து மாதம் முன்பே குழுவாகப் பதிவு செய்தால் அதைப் பெரும்பாலும் சமாளிக்கலாம். புயலையும் அறுவடையையும் அப்படிச் சமாளிக்க முடியாது. தடைக்காலத்தில் வருமானம் நின்றிருக்கும்போது செலவு செய்ய யார் துணிவார் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. சந்தாவோடு சேர்த்து மாதாமாதம் ஒரு தொகையை ஓராண்டு முன்பிருந்தே பிடித்து வைப்பதுதான் வழி. சீட்டுக் கட்டிப் பழகிய நம் மக்களுக்கு அது புதிதல்ல.

ஊரின் கொள்ளளவு இன்னொரு சோதனை. 2025 நவம்பரில் ஐ.நா. காலநிலை மாநாட்டை பிரேசில், அமேசான் வாயிலில் உள்ள பெலெம் நகரில் நடத்தியது. காடழிவைப் பற்றிக் காட்டின் விளிம்பிலேயே பேசுவோம் என்ற நோக்கம் உயர்ந்தது. ஆனால் படுக்கை போதவில்லை. அறை வாடகை தாறுமாறாக ஏறியது. ஏழை நாடுகள் குழுவைக் குறைக்க வேண்டிய நிலை என்று முறையிட்டன. சொகுசுக் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பிரதிநிதிகளைத் தங்க வைத்தார்கள். ஊரின் அழகும் நோக்கத்தின் உயர்வும் படுக்கைக்கு ஈடாகா. சங்க மாநாட்டில் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். ஹோட்டலோடு ஒப்பந்தம் போடும்போது இத்தனை அறை எடுப்போம் என்று உறுதி கொடுக்க வேண்டியிருக்கும். சொன்னதைவிட ஆள் குறைந்தால் காலி அறைக்கும் சங்கமே பணம் கட்ட வேண்டும் என்ற விதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். விசா மறுப்பால் இருபது பேர் குறைந்தால், வராத இருபது பேருக்கும் வாடகை. ஊரைத் தவறாகத் தேர்ந்தால் அந்தத் தவறு பண வடிவில் திரும்பி வரும் இடம் இதுதான். பிறகு, முழுமையாக ரத்தாகும் ஆபத்து. பார்சிலோனாவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடும் கைபேசித் தொழில் மாநாட்டை, தொடங்கச் சில நாட்களே இருக்கையில், 2020 பிப்ரவரி 12 அன்று கொரோனாவால் ரத்து செய்தார்கள். 2019-இல் சிலியின் சாந்தியாகோவில் நடக்க வேண்டிய காலநிலை மாநாடு, அங்கு வெடித்த போராட்டங்களால் ஒரே மாத அவகாசத்தில் மாட்ரிட்டுக்கு மாறியது. பெரிய அமைப்புகளுக்குத் தாங்கும் சக்தி உண்டு. ஒரு வணிகர் சங்கம் கையெழுத்திடும் முன், ரத்தானால் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதி வரை திரும்பும் என்ற பத்தியைப் படித்தே ஆக வேண்டும்.

ஊர் மாறினால் கூட்டமே வேறாகிவிடும் என்பதற்குத் தமிழர்களிடமே நல்ல வரலாறு இருக்கிறது. தனிநாயகம் அடிகளாரின் முயற்சியில் முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் கூடியது. 1968-இல் சென்னையில் அது மக்கள் திருவிழாவாயிற்று. 1970-இல் பாரிஸில் நடந்தபோது மறுபடி அறிஞர் அவையாகச் சுருங்கியது. பெயர் ஒன்றே, அமைப்பு ஒன்றே. நகரம் மாறியதும் வந்தவர்கள் மாறினார்கள், பேசியவையும் மாறின. பாரிஸ் மாநாட்டைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை; அறிஞர்கள் கூட அது பொருத்தமான இடமே. நோக்கத்துக்கு ஏற்ற இடமா என்பதே கேள்வி. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காம் மாநாட்டின் கதை வேறு. கொழும்பிலா யாழ்ப்பாணத்திலா என்ற பிணக்கோடு தொடங்கியது அது. தமிழ்நாட்டிலிருந்து வர இருந்த சிலருக்கு விசா மறுக்கப்பட்டது. ஜனவரி 10 அன்று காவல்துறை கூட்டத்துக்குள் நுழைந்ததைத் தொடர்ந்து 9 பேர் உயிரிழந்தனர். ஊர் மக்களின் வரவேற்புக்கு அங்கே குறைவே இல்லை. ஆட்சியின் மனம் சேராதபோது அந்த வரவேற்பு மட்டும் வருவோரைக் காக்கவில்லை.

இன்றைய யாழ்ப்பாணத்தைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் காரைக்காலுக்கு மிக அருகே இருக்கும் வெளிநாட்டு நகரம் அதுதான். காரைக்காலிலிருந்தே யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடுவது பற்றி 2022 இறுதியில் இருபக்கமும் பேசப்பட்டது. கப்பல் கடைசியில் புறப்பட்டது, இருபது கிலோமீட்டர் தெற்கே நாகப்பட்டினத்திலிருந்து, 2023 அக்டோபர் 14 அன்று. மழைக்காலம் நெருங்கியதால் ஒரு வாரத்துக்குள் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. நவம்பரில் நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடியது. பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. இந்திய உதவியில் கட்டி 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பண்பாட்டு மையத்தில் 600 பேர் அமரும் அரங்கம் இருக்கிறது. மொழி ஒன்று, சாப்பாடு ஒன்று. இவ்வளவு இருந்தும் தயக்கம் வருவதற்குக் காரணம் கடல்தான். 2025 ஜனவரி இறுதியில் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில், காரைக்கால் படகில் போயிருந்த மீனவர்கள் காயமடைந்தார்கள். கைதுகளும் படகுப் பறிமுதலும் நின்றபாடில்லை. மறுபக்கம், நம் இழுவை மடி வலையால் தங்கள் கடல் அழிகிறது என்று யாழ்ப்பாண மீனவர்கள் முறையிடுவதும் உண்மை. மீன் வணிகர்கள் அங்கே மாநாடு கூட்டினால் இந்த வலி அரங்கத்துக்குள்ளும் வரும். இதனாலேயே அங்கே போகக் கூடாது என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி எண்ணவில்லை. ஐம்பது, அறுபது பேர் கொண்ட சிறிய கூட்டத்துக்கு, பிப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் இடையே, யாழ்ப்பாணம் நல்ல தேர்வு. கடலின் இரு கரை வணிகர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டிய காலம் இது. முந்நூறு பேர் மாநாட்டுக்குக் கப்பல் நம்பகமாக ஓடும் நாள் வரை காத்திருக்க வேண்டும்.

உறுப்பினரின் வாசலிலிருந்து ஊரை அளக்கும் இந்த முறைக்கு எதிராக வரும் முதல் மறுப்பு, பெயர் பெற்ற நகரம்தான் ஆளை இழுக்கும் என்பது. பன்னாட்டுச் சங்கக் கூட்டங்களை எண்ணும் ஐ.சி.சி.ஏ. என்ற அமைப்பின் பட்டியலில் பாரிஸும் வியன்னாவும் முன்னணியில் மாறி மாறி நிற்கின்றன. ஆசியாவில் சிங்கப்பூர் உயர்ந்த இடத்தில் இருக்கிறது. உலகமே போகும் ஊருக்கு நாமும் போனால் என்ன? பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் அது எண்ணுவது, குறைந்தது மூன்று நாடுகளுக்கிடையே சுற்றிவரும், ஐம்பது பேருக்குக் குறையாத கூட்டங்களை. மருத்துவர்கள், அறிவியலாளர்கள் போன்றோரின் கூட்டங்கள் அவற்றில் ஏராளம். அவர்களின் செலவைப் பெரும்பாலும் மருத்துவமனையோ பல்கலைக்கழகமோ ஏற்கும். அவர்களுக்குப் பொருந்திய ஊர், தன் பையிலிருந்து செலவு செய்யும் காரைக்கால் வணிகருக்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது? நகரத்தின் பெயர் பதிவை அதிகரிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுற்றிப் பார்க்க வருபவர்களே அப்படிக் கூடுவார்கள். இரண்டாம் நாள் பிற்பகல் அமர்வில் நாற்காலிகள் காலியாக இருக்கும். மாநாட்டைத் தங்கள் நகரத்துக்கு இழுக்க அரசு அமைப்புகள் சலுகை தருகின்றன என்பதும் ஒரு வாதம். மலேசியா 2009-இலேயே இதற்கென ஒரு அமைப்பை உருவாக்கிவிட்டது. சலுகை வாங்குவதில் தவறில்லை. அரங்க வாடகையில் கிடைக்கும் தள்ளுபடி சங்கத்துக்குப் போகிறது. தொலைதூர ஊரின் பயணச் செலவோ உறுப்பினரின் தலையில் விழுகிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் சலுகையை மட்டும் பெரிதாகச் சொல்வது நேர்மையாகாது.

இரண்டாம் மறுப்புக்கு வலு அதிகம். வாங்குபவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் போக வேண்டும். ஐரோப்பாவுக்கு இறால் விற்பவர் கோலாலம்பூரில் உட்கார்ந்து என்ன செய்வார்? இதை முழுமையாக ஏற்கிறேன், ஒரு வேறுபாட்டோடு. சந்தைக்குப் போவதும் மாநாடு கூடுவதும் வேறு வேறு வேலை. உலகின் பெரிய கடலுணவுக் கண்காட்சி பல ஆண்டுகள் பிரஸ்ஸல்ஸில் நடந்தது. 2022 ஏப்ரல் முதல் பார்சிலோனாவில் நடக்கிறது. அங்கே ஏற்றுமதி உரிமம் உள்ள சிலர் போய் ஒப்பந்தம் பேச வேண்டியதுதான். அதற்குச் சங்கம் உதவ வேண்டும். அது பிரதிநிதிகளின் பயணம். மாநாடு எல்லா உறுப்பினருக்கும் உரியது. கடல் கடந்த தமிழ் வணிகர்களை நேரில் கண்டு, ஒருவர் தொழிலை ஒருவர் அறிந்து, நம்பிக்கை பிறந்து, பிறகு சரக்கு போவதற்கான இடம் அது. இரண்டையும் ஒன்றாக்கி, ஐந்து பேர் சந்தைக்காக ஐந்நூறு பேரின் மாநாட்டை ஐரோப்பாவில் வைத்தால் இரண்டும் கெடும்.

மூன்றாவதாக, வெளிநாடே எதற்கு என்ற கேள்வி. இந்தியா ஜி-20 தலைமை ஏற்றிருந்த 2023 ஜனவரி இறுதியில் அறிவியல் குழுவின் தொடக்கக் கூட்டம் புதுச்சேரியிலேயே நடந்தது. நாடு முழுவதும் ஏறக்குறைய 60 நகரங்களில் கூட்டங்கள் நடந்தன. புதுச்சேரியால் முடியும் என்றால் அங்கேயே கூடலாமே? உள்நாட்டு மாநாட்டுக்கு அது மிகச் சரி. வெளிநாட்டுத் தமிழ் வணிகரை அழைப்பதும் முடியும். ஆனால் அவருடைய கடை, கிடங்கு, வாடிக்கையாளர், அங்குள்ள விலை, உரிமம் பெறும் முறை எல்லாவற்றையும் இங்கே அழைத்துவர முடியாது. திரையில் பார்த்துப் பேசினால் போதும் என்பவர்களுக்கும் இதுவே விடை. பேச்சைக் கேட்கத் திரை போதும். கடன் கொடுக்கத் துணியும் அளவுக்கு ஓர் ஆளை அறியத் திரை போதாது.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது, டெல்டாக் கடற்கரை வணிகர்களுக்கு முதல் தேர்வு கோலாலம்பூர் என்பதே என் முடிவு. விசா தடை இல்லை. திருச்சியிலிருந்து நேரடி விமானம், நான்கு மணி நேரம். 2005 முதல் நகர நடுவிலேயே பெரிய மாநாட்டு மையம் இருக்கிறது. எல்லா விலைக்கும் அறை கிடைக்கும். சைவச் சாப்பாடும் ஹலால் சாப்பாடும் ஒரே தெருவில் கிடைப்பது, இரண்டும் வேண்டும் காரைக்கால் கூட்டத்துக்குச் சாதாரண விஷயமல்ல. தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் வணிகர் சமூகம் அங்கே இருக்கிறது. சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய இவை எல்லாம் பொருந்தும். செலவும் விசாவும் அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகின்றன. கொழும்பு அருகில் இருக்கிறது. 1976-இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டையே நடத்திய பண்டாரநாயக்க மண்டபம் இருக்கிறது. 2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிலைமை தேறியும் வருகிறது. துபாய் வளைகுடா வணிகத்துக்கு மட்டும், அதுவும் வெயில் இல்லாத மாதங்களில். பாரிஸும் ரெயூனியனும் காரைக்காலின் உறவுகள் வாழும் இடங்கள். அந்த உறவைப் புதுப்பிக்கச் சிறு குழு போகட்டும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களின் விசாவை ஆறு மாதம் முன்பே சங்கம் பொறுப்பேற்று முடித்துக் கொடுத்த பிறகு.

சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த செயற்குழுவில் ஊர்ப்பெயரை எடுக்கும் முன் ஒரு படிவம் அச்சிட்டு எல்லா உறுப்பினருக்கும் கொடுங்கள். பாஸ்போர்ட் இருக்கிறதா, எந்த நாட்டுடையது, எந்த மாதம் கடையை விட முடியும், எவ்வளவு செலவு செய்ய முடியும் என்ற நான்கே கேள்விகள் போதும். கடைத்தெருவிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் திருநள்ளாற்றிலும் இருக்கும் சிறு வியாபாரிகளின் படிவங்கள் திரும்பி வரும்வரை எந்த ஹோட்டலுக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள்.